ருக்குமணி வயலில் தண்ணீர் விட்டது யார்?

சேந்தமங்கலத்தில் ஆறு மணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து ருக்குமணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடியில் ஒரு கனத்த ஃபைல். உள்ளே நாற்பத்தொரு குடும்பங்களின் பட்டா நகல்கள். இரண்டு நாள் தாலுகா ஆபீஸில் தலைகீழாக நின்று வாங்கியவை. அக்கா வீட்டில் தங்கி, அக்கா சேலையையே கட்டிக்கொண்டு, மேஜை மேஜையாக அலைந்து, கடைசிக் கையெழுத்தை நேற்று சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வாங்கினாள். "உங்களுக்காகத்தானுங்க பூட்டாம உக்காந்திருக்கேன்" என்று அந்தக் கிளார்க் அலுத்துக்கொண்டார். உட்காரட்டுமே, சம்பளம் வாங்குகிறவர்தானே!

இன்றைக்குத்தான் ஆடிட்டர் மலைமேல் இருக்கும் அவள் ஊருக்கு வருகிறார். ஆடிட்டர் என்றால் வரிக்கணக்கு பார்க்கிறவர் இல்லை, வயலைப் பார்க்கிறவர். விஷயம் இதுதான். எங்கோ ஒரு தேசத்தில் விமானம் விடுகிற கம்பெனி ஒன்று இருக்கிறது. உலக நாடுகளெல்லாம் கூடிப் பேசி, இத்தனை புகைக்கு மேல் விடக்கூடாது என்று அதற்கு வரம்பு போட்டுவிட்டன. வரம்பு மீறினால், மீறிய அளவை உலகத்தில் வேறு யாராவது குறைத்திருக்க வேண்டும். அப்படிக் குறைத்தவர்களுக்குக் கம்பெனி பணம் கொடுத்து ஈடுகட்ட வேண்டும். நெல் வயலில் ஓயாமல் தண்ணீர் நின்றால் அடிச்சேற்றிலிருந்து மீத்தேன் என்றொரு வாயு கிளம்பிப் பூமியைச் சூடாக்குகிறதாம். தண்ணீரைக் காயவிட்டு, மண் லேசாக வெடித்த பிறகு மறுபடி பாய்ச்சினால் அந்த வாயு பாதியாகக் குறைகிறதாம். காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்களே, அதேதான்.

"அவன் அங்க பறக்கறதுக்கு நாம இங்க வயலைக் காயப் போடோணும். அவ்வளவுதானுங்களா?" என்று முதல் கூட்டத்தில் அருணாசலம் கேட்டபோது கூட்டமே சிரித்தது. அருணாசலம் விவசாயிகள் குழுவின் தலைவர். தலைவர் என்று பேர்தான், வேலையெல்லாம் செயலாளர் ருக்குமணி தலையில். அவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "எங்க அணையக் கட்டித் தருவாங்களா?"

அணை உடைந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே பகலில் கொட்டி, பள்ளத்தின் தலைமாட்டில் இருந்த தடுப்பணையை உருட்டிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு கிளைவாய்க்கால் தண்ணீரையும் ஆளுக்கொரு நாள் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். கடைமடையில் பதினெட்டுக் குடும்பங்களுக்கு நடவே இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள் பொங்கலுக்கு வந்து வயலைப் பார்த்துவிட்டு மறுபடி பஸ் ஏறிவிடுகிறார்கள். ஆடிட்டர் சரி என்று எழுதினால் விமானக் கம்பெனி முன்பணம் தரும், அடுத்த மழைக்குள் அணை எழும்பிவிடும். இல்லையென்றால் இல்லை. திருப்புலி நாடு என்ற மலைப்பகுதியில் அந்தப் பள்ளத்தில் வீடு வீடாக ஏறி, "வயலைக் காயப் போடுங்க, அணைக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தவள் ருக்குமணி. எவ்வளவு பெரிய வாக்கு!

நேற்று ராத்திரி ஆடிட்டரின் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போட்டது. நாற்பத்தொரு வயலில் எந்த வயலைச் சோதிப்பது? விழுந்தது ருக்குமணியின் வயல்! அவளுக்கு ஒரே குதூகலம். அவள் வயலைவிட ஒழுங்காகக் காய்ந்த வயல் அந்த மலையிலேயே கிடையாது. மண்ணில் புதைத்த துளைக் குழாயில் தண்ணீர் முக்கால் சாண் இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டிருந்தாள். வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு குஜராத் போயிருந்தார். வயலைத் தொட ஆளே இல்லை.

பஸ் காரவள்ளியைத் தாண்டி மலையேறத் தொடங்கியது. எழுபது கொண்டை ஊசி வளைவு. நாற்பத்திரண்டாவது வளைவில் ஒரு வெள்ளை ஜீப் குறுக்கே நின்றுகொண்டிருக்க, பஸ்ஸும் நின்றது. ஜீப்புக்குப் பக்கத்தில் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் அட்டை தொங்கியது. ருக்குமணி இறங்கிப் போய்த் தன் பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை நீட்டினாள்.

"மோந்து பாருங்க சார். கீழ குனியாதீங்க, தூரமா பாருங்க."

"தேங்க்ஸ்மா. இன்னும் எத்தனை வளைவு இருக்கு?"

"இருவத்தெட்டு."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் அட்டையைப் படித்தாள். நந்தகுமார். ஆடிட்டர்! சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஜீப் ஓரம் கட்டியதும் பஸ்ஸில் ஓடி ஏறினாள். இவர் தெளிந்து வர இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் ஊருக்குப் போய், முகம் கழுவி, ஒரு வாய் காப்பி கூடக் குடிக்கலாம்.

ஐம்பதாவது வளைவில் போன் அடித்தது. வளர்மதி. ராசிபுரத்திலிருந்து மலைக்கு மாற்றலாகி வந்த உதவி வேளாண்மை அலுவலர். இந்தத் திட்டத்தை முதலில் ஊருக்குள் கொண்டுவந்த பெண்.

"அக்கா, எங்க இருக்கீங்க? உங்க வயல்ல..."

சிக்னல் போய்விட்டது. மலைரோட்டில் சிக்னலுக்கு நேரம் காலம் தெரியாது. வயலில் என்ன? பன்றி இறங்கிவிட்டதா? யாராவது குழாயைப் பிடுங்கிவிட்டார்களா? மீதி இருபது வளைவையும் ருக்குமணி இருக்கை நுனியில் உட்கார்ந்தே கடந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தபோதெல்லாம் அவரை மனசுக்குள் திட்டினாள். பாவம், அவர் என்ன செய்வார்!

பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் ஓடினாள். வளர்மதி கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தாள். அவள் கை காட்டிய பக்கம் பார்த்த ருக்குமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வயல் முழுக்கத் தண்ணீர். வரப்பு முட்டத் தண்ணீர்! குழாயின் தலை மட்டும் ஒரு விரல் உயரத்துக்கு வெளியே தெரிந்தது. ஒரு தவளை அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"ஐயோ சாமி! யாரு செஞ்சாங்க இதை?"

"நான் காத்தால ஆறரைக்கு வந்து பார்க்கறேன், இப்படிக் கெடக்குதுக்கா. குழுவுல எல்லாரையும் கேட்டுட்டேன். ஒருத்தரும் தொடலை."

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டதே! நேற்று யார் முறை? ருக்குமணி விரல் மடக்கி எண்ணினாள். நேற்றைய முறை கீழ் வயல் சின்னுசாமியுடையது. அவ்வளவுதான், அவளுக்குச் சுரீரென்று ஏறிவிட்டது.

சின்னுசாமிக்கும் அவளுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. வரப்பில் அவள் வைத்த சவுக்குக் கன்றுகளின் நிழல் தன் பயிரில் விழுகிறது என்று அவர் பிடுங்கிப் போட, அவள் நாலு வார்த்தை கேட்க, அவர் எட்டு வார்த்தை திருப்பிச் சொல்ல, அன்றோடு முடிந்தது. ஒன்றுவிட்ட அண்ணன் முறைதான். கல்யாணம் காட்சியில் எதிர்ப்பட்டால்கூட இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். திட்டத்துக்கு ஊரில் எல்லா வீட்டுக்கும் போனவள் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. "அவரு கால்ல போய் உழுகோணுமா?" என்று வளர்மதியிடம் முறுக்கிக்கொண்டாள்.

"கெடுக்கோணும்னே செஞ்சிருக்காரு! நான் ஊர்ல இல்லாத நேரம் பார்த்து!"

அருணாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "பதறாத ருக்கு. வாற ஆளுக்கு எந்த வயலுன்னு தெரியவா போகுது? காஞ்சு கெடக்கற பக்கத்துப் பொன்னம்மா வயலைக் காட்டிப்போடலாம்."

"மாமா, அவரு போன்லயே வயலோட எல்லை தெரியும். ஒரு அடி தள்ளி நின்னாலும் காட்டிக் குடுத்துடும்" என்றாள் வளர்மதி.

"அப்ப வடிச்சுப் போடலாம்!"

ருக்குமணி யோசிக்கவே இல்லை. அக்காவின் நல்ல சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் குதித்தாள். அருணாசலத்தின் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி, கீழ் வரப்பில் ஓங்கி நாலு வெட்டு வெட்டினாள். தண்ணீர் சளசளவென்று கீழ் வயலுக்குப் பாய்ந்தது. அரை மணியில் வடிந்துவிடுமா? எங்கே வடிவது! ஆனாலும் மனசு கேட்டால்தானே. அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள். வளர்மதி ஒரு சருவத்தால் மொண்டு ஊற்றினாள். அருணாசலம் கரையில் நின்று "சீக்கிரம், சீக்கிரம்" என்று உதவி செய்தார்.

"ஏய்! நிறுத்து!"

கீழ் வயலிலிருந்து சின்னுசாமி வந்துகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது ஆள் இளவட்டம் மாதிரி வரப்பைத் தாண்டிக் குதித்து வந்தார். வந்த வேகத்தில் தன் மண்வெட்டியால் சேற்றை அள்ளி, அவள் வெட்டிய வாயை அடைக்கத் தொடங்கினார். அவள் மறுபடி வெட்டினாள். அவர் மறுபடி அடைத்தார்.

"எதுக்கு என்ற வயல்ல தண்ணி உட்டீங்க?" மூன்று வருஷத்தில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. "ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுதுச்சாமா? உங்களுக்கு என்ன அவ்வளவு அக்கறை?"

"பயிரு காஞ்சு வெடிச்சுக் கெடக்குது, பார்த்துட்டு சும்மா போகச் சொல்றியா? மூணு தடவை பார்த்தேன். முதல் தடவை, மறந்துட்டாளாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன். ரெண்டாவது தடவை, முறை தவறிருச்சாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன். இந்தத் தடவை ஊடும் பூட்டிக் கெடந்துச்சு. புருசனும் ஊர்ல இல்லை. நேத்து என்ற முறை. என்ற மடைய அடைச்சுட்டு உன்ற மடையத் திறந்தேன். தப்பா?"

"தப்புத்தான்! பெரிய தப்பு!"

"என்ற கையில உட்ட தண்ணி உனக்கு ஆகாதா?" சின்னுசாமியின் குரல் திடீரென்று உடைந்தது. "வெட்டி எறியற அளவுக்கு ஆகாமப் போச்சா? சண்டை மனுசனுக்கு. பயிருக்கு என்ன சண்டை? எங்கப்பன் காலத்துல இருந்து இந்தப் பள்ளத்துல ஒருத்தன் வயலு வெடிச்சா பக்கத்து வயலுக்காரன் மடையத் திறந்து உடாமப் போனது உண்டா? வெடிச்ச வயலைப் பார்த்துட்டுப் போறவன் மனுசனா?"

ருக்குமணியின் மண்வெட்டி அப்படியே நின்றது. அவள் மெல்ல அவர் வயலைத் திரும்பிப் பார்த்தாள். முன்பட்டத்தில் நட்ட பயிர், கதிர் வெளிவரும் நேரம். ஒரு நாள்கூடத் தண்ணீர் தப்பக்கூடாத நேரம். அந்த வயலின் மண் வெளுத்துப் போயிருந்தது. தன் வயலுக்கு வேண்டிய தண்ணீரை எடுத்துத்தான் பேசாதவள் வயலில் விட்டிருக்கிறார் மனுஷன்! அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது, கோபமும் முழுசாகப் போகவில்லை.

"எக்ஸ்கியூஸ் மீ" என்றது ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடி நந்தகுமார் வரப்பில் நின்றிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் போனைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். தவளை குதித்து ஓடியது.

"இதுதானே ருக்குமணி வயல்?"

பொய் சொல்ல நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. "ஆமாங்க சார். நான்தானுங்க ருக்குமணி. தண்ணி நிக்குது. வடிக்கலாம்னு பார்த்தோம், வடியலை. என்ற வயலைத் தள்ளிருங்க. மத்த நாப்பது பேரு மேல ஒரு தப்பும் இல்லீங்க. அணைய மட்டும் கெடுத்துராதீங்க சார்."

நந்தகுமார் நேரே சின்னுசாமியிடம் போனார். "ஐயா, நீங்க இந்தக் குழுவுல இருக்கீங்களா?"

"என்ன குழு? என்னை யாரு கூப்பிட்டாங்க?"

"வயலைக் காயப் போடறதைப் பத்தி யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?"

"காயப் போடறதா? நெல்லு வயலையா?" சின்னுசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்த ஊருங்க? நட்ட நாள்ல இருந்து அறுப்புக்குப் பத்து நாளு முன்னாடி வரைக்கும் தண்ணி நிக்கோணும். அணை உடைஞ்சும் அப்படித்தான். முறைத் தண்ணிய வரப்பு முட்டக் கட்டி நிறுத்தி வெப்போம். தண்ணி பத்தாமக் காயறது உண்டு, இந்தப் பள்ளத்துல வேணும்னு காயப் போட்டவன் ஒருத்தனைக் காட்டுங்க பார்க்கலாம்!"

நந்தகுமாரின் முகம் மலர்ந்தது. வாந்தி எடுத்த களைப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. மளமளவென்று எழுதினார். எழுதிக்கொண்டே பேசினார்.

"வளர்மதி மேடம், போன வாரம் ரெண்டு ஊர்ல இதே திட்டத்தை நான் தள்ளுபடி பண்ணினேன். ஏன் தெரியுமா? காய்ச்சலும் பாய்ச்சலும் தமிழ்நாட்டுல பழைய பழக்கம். வழக்கமா செய்யறதையே செஞ்சா பூமிக்கு என்ன லாபம்? ஒரு கிராம் வாயுகூடப் புதுசா குறையலை. ஆனா பணம் கொடுத்த விமானம் மட்டும் கூடுதலா பறக்கும். அது ஏமாத்து. 'முன்னாடி எப்பவும் தண்ணி நிக்கும்'னு எல்லா ஊர்லயும் மனப்பாடமா ஒப்பிக்கிறாங்க. அதை எப்படி நம்பறது? எழுத்துல ஆதாரம் கிடையாது." அவர் சின்னுசாமியைக் காட்டினார். "இவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலை. பேசிக்காத ஆளோட வயல் காயறதைக்கூட இவரால பொறுக்க முடியலை, சொந்தத் தண்ணியை எடுத்து ஊத்தியிருக்காரு. இதைவிடப் பெரிய ஆதாரம் வேணுமா? இந்த ஊர்ல நாற்பத்தொரு பேர் காயப் போட்டிருக்காங்கன்னா, அது நிஜமாவே புதுசு."

"அப்படின்னா..." என்று வளர்மதி இழுத்தாள்.

"இந்த வயல் இந்தப் போகத்துக்குக் கணக்குல வராது. பதிலுக்கு வேற அஞ்சு வயலைச் சோதிப்பேன். அது சரியா இருந்தா, நான் சரின்னு எழுதிடுவேன்."

அருணாசலம் வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு ஒரு குதி குதித்தார். வளர்மதி சருவத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ருக்குமணியைக் கட்டிக்கொண்டாள். சத்தம் கேட்டு வரப்பில் கூடியிருந்த பெண்கள் குலவையிட, பள்ளமே எதிரொலித்தது. போனால் போகிறது ஒரு போகத்துப் பணம்! ருக்குமணிக்கு அணை எழும்புவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் நந்தகுமார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "குழுவுல சேராதவங்க வயல் பக்கத்துல இருந்தா, அவங்க கையெழுத்து வேணும். 'குழு வயலில் நான் எக்காலத்திலும் தண்ணீர் விடமாட்டேன்' அப்படின்னு. இல்லைன்னா அடுத்த போகமும் இதே கதைதான். இது இல்லாம ஃபைல் நகராது."

குலவை நின்றது. எல்லாரும் சின்னுசாமியைப் பார்த்தார்கள். வளர்மதி அவருக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள்: விமானம், வாயு, வரம்பு, அணை. அவர் பொறுமையாகக் கேட்டார். அணை என்றபோது தலையாட்டினார். பேனாவை வாங்கினார். தாளைப் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"போட மாட்டேனுங்க."

"ஐயா, அணை..."

"அணை வேணும். எனக்கும் வேணும். அதுக்காக, பயிரு வாடறதைப் பார்த்துட்டு மடையத் திறக்க மாட்டேன்னு எழுதிக் குடுக்கறதா? நாளைக்கு இவ நோவுல கெடந்தா? நெசமாவே மறந்து போனா? கையைக் கட்டிட்டு நிக்கச் சொல்றீங்களா? பறக்கறவங்க பறக்கட்டும். என்னால அதுல கையெழுத்துப் போட முடியாதுங்க."

அருணாசலம் தலையில் அடித்துக்கொண்டார். வளர்மதி கெஞ்சினாள். சின்னுசாமி சொல்வதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்று ருக்குமணிக்குத் தெரிந்தது. அதே நேரம் கடைமடையின் பதினெட்டு வயலும் கண்ணுக்குள் நின்றது. என்ன செய்வாள்? திட்டம் தொடங்கியபோதே ஒரு எட்டுப் போய், 'இப்படி ஒரு சங்கதி' என்று சொல்லியிருந்தால் இந்தத் தாளே தேவைப்பட்டிருக்காது. வீம்பு யாருக்குச் சோறு போட்டது!

"சார்," என்றாள். "அந்த வாசகத்தை மாத்தலாமுங்களா? 'கேட்காம விடமாட்டேன்'னு போடலாமா? காயறதைப் பார்த்தா முதல்ல வந்து கேக்கட்டும். வேணும்னு காயப் போட்டிருந்தா நான் சொல்லீர்றேன். இல்லைன்னா அவரு மடையத் திறக்கட்டும்."

நந்தகுமார் யோசித்தார். "கேட்டதை ஒரு நோட்டுல குறிச்சு வெச்சா ஒத்துக்கலாம். ஆனா நீங்க ரெண்டு பேரும் பேசிக்கணுமே?"

சின்னுசாமி வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பேனாவுக்குக் கை நீட்டினார். அடித்து எழுதிய வரியை வளர்மதியை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தாள் ஃபைலுக்குள் போயிற்று. நந்தகுமார் மற்ற வயல்களைப் பார்க்கப் புறப்பட்டார். கூட்டமும் ஆரவாரமாக அவர் பின்னால் நகர்ந்தது. ருக்குமணி நகரவில்லை. அவள் வயலில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கீழே அவர் வயல் வெளுத்துக் கிடந்தது. அடுத்த முறைக்கு இன்னும் ஐந்து நாள்.

"ஏனுங்கண்ணா," என்றாள். அண்ணா என்று கூப்பிட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. "உங்க வயலு காயுதே. இந்தத் தண்ணியத் திறந்து உடட்டுங்களா?"

சின்னுசாமி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இதையெல்லாமா கேப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, தான் அடைத்த வரப்பைத் தானே வெட்டினார்.